இடது கை காட்டும் பி.பி.யை நம்பாதீர்கள்

இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு 29 வயது. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, எழுதியதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கரும்பலகையில் நாலைந்து வரி எழுதுவதற்குள் கை கனத்துப்போய்ச் சாக்பீஸ் நழுவி விழத் தொடங்கியது. கையைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் நின்றால் சரியாகும். மீண்டும் தூக்கினால் அதே வலி. கூடவே மாலைக் காய்ச்சல், ஏழு கிலோ எடைக் குறைவு. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையில் தடிப்பு வந்ததால் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டேதான் இருந்தது. பிறகு வேறொரு மருத்துவர், இடது மணிக்கட்டில் நாடித்துடிப்பே தென்படவில்லை என்பதைக் கவனித்து, ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னார். பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கித் தடிக்கும் டகாயாசு ஆர்ட்டரைட்டிஸ் என்ற நோய் என்று தெரியவந்தது. இடது கைக்குப் போகும் தமனி அடைபட்டிருக்கிறது. கழுத்தின் இடது தமனிச் சுவர் தடித்திருக்கிறது. வலது சிறுநீரகத் தமனி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. வலது கைத் தமனியில் கோளாறு எதுவும் இல்லை.

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 40 மில்லி கிராம், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை 15 மில்லி கிராம், ஃபோலிக் அமிலம் என்று சிகிச்சை தொடங்கியது. ஐந்தாம் மாதம், ஸ்டீராய்டு 15 மில்லி கிராமுக்குக் குறைந்திருந்த நிலையில், எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். முகம் உப்பியது ஒரு காரணம். உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஆளாளுக்கு அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது என்று எங்கோ படித்தது இன்னொரு காரணம்.

நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. உடலில் வீக்கம் இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். முன்பு 78, இப்போது 18. மருந்துக்கடையில் இடது கையில் பார்த்த பி.பி. 100/60. 'லோ பி.பி.' என்று சொன்னதால் உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் மூன்று வேளையும் குடித்து வருகிறார். ஆனாலும் காலையில் எழும்போது பிடரி வலிக்கிறது, தலை பாரமாக இருக்கிறது. நாடி பார்த்த வைத்தியர் ஒருவர் 'ரத்தம் பற்றவில்லை' என்று பொட்டலம் பொட்டலமாகப் பொடி கொடுத்திருக்கிறார். ஒரு உறவினர், குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். கணவருக்கு நோயைப் பற்றித் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. 'நோய் போய்விட்டதா? ஸ்டென்ட் வைத்துக்கொள்ளலாமா? குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? குழந்தைக்கும் இது வருமா?' இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாளைக் காலை வலது கையில் ரத்த அழுத்தம் பாருங்கள். உப்பு மோரை இன்றே நிறுத்துங்கள்.

உங்கள் இடது கைக்குப் போகும் பெரிய குழாய் அடைபட்டிருக்கிறது. சுற்றியுள்ள சிறு கிளைக் குழாய்கள் வழியாகத்தான் அந்தக் கைக்கு ரத்தம் கசிந்து வந்துசேர்கிறது. அங்கே பட்டையைச் சுற்றி அளந்தால் கிடைப்பது அந்தக் கையின் அழுத்தம் மட்டுமே. உங்கள் மூளையும் இதயமும் சிறுநீரகமும் தாங்கிக்கொண்டிருக்கும் அழுத்தம் அதுவல்ல. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும்போதும், அடைத்துக்கொண்ட ஒரு குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைப் பார்த்துத் தொட்டி காலி என்று மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? இடது கையில் 100 காட்டும் ஒருவருக்கு வலது கையில் 170 இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறது, காலையில் பிடரி வலிக்கிறது, இரண்டு மாதமாக உப்பு கூடுதலாகச் சேர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்தால், உடலிலேயே ரத்தம் குறைந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து, குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் பிடித்துவைத்து, அழுத்தத்தை ஏற்றுகிறது. டகாயாசு நோயில் ஜப்பானியருக்கு நெஞ்சுக்கு மேலுள்ள குழாய்கள் அதிகம் பாதிக்கப்படுகின்றன என்றால், இந்தியர்களுக்கு வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் பாதிக்கப்படுவது அதிகம். நம் நாட்டில் இளம் பெண்ணுக்கு ரத்தக் கொதிப்பு என்றால் இந்த நோயையும் நினைக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

வலது கையில் 180/120-ஐத் தொட்டாலோ, அளவு எதுவானாலும் பார்வை மங்குதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கம் கை கால் தளர்தல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று ஏதாவது இருந்தாலோ, காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அந்த அளவுக்கு இல்லாமல் 140-க்கு மேல் இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு பி.பி. மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். பரவலாகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள், இரண்டு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கியவர்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். கரு உருவாகியிருந்தால் அதற்கும் ஆகாது. உங்களுக்கு வலது பக்கம் மட்டும்தான் சுருக்கம் என்றாலும், ஸ்கேன் எடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. இடது பக்கம் இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மாத்திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி எங்கே போனாலும், பட்டையைக் கட்ட வரும் செவிலியரிடம் "வலது கையில் பாருங்கள், இடது கையில் சரியாகக் காட்டாது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டின் முகப்பிலும் பெரிதாக எழுதிவையுங்கள்.

நாடி பார்த்த வைத்தியரைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்களுக்கு இடது கையில் நாடி பார்ப்பது அவர்களுடைய மரபு. அவர் விரல் வைத்த இடத்தில் துடிப்பு தளர்ந்திருந்தது உண்மை; அவர் பொய் சொல்லவில்லை. காரணம்தான் வேறு. ரத்தம் பற்றாததால் அல்ல, வழி அடைபட்டதால் துடிப்பு தளர்ந்தது. ஆனால் அந்தப் பொடியை நிறுத்துங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்ற சீட்டு இல்லாமல் வரும் பொடிகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இருந்ததுண்டு. ஸ்டீராய்டே கலந்திருந்ததும் உண்டு. பட்டம் பெற்ற சித்த மருத்துவரைப் பார்க்க விரும்பினால் பாருங்கள். அவருக்கு இந்த மாத்திரைகள் தெரிய வேண்டும், எங்களுக்கு அவர் கொடுப்பது தெரிய வேண்டும். மீதமிருக்கும் பொட்டலத்தை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இது என்ன நோய்?

கடிதத்தில் ஓரிடத்தில், எண்ணெயையும் நெய்யையும் அறவே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடைப்பு என்றதும் கொழுப்பு என்று நினைத்துவிட்டீர்கள். போர்வெல் தண்ணீரில் உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொள்வதைப் போன்றது கொழுப்பு அடைப்பு. உங்களுக்கு நடந்தது வேறு: குழாயின் சுவரே வீங்கித் தடித்து, உள்ளே இருந்த வழியை நெருக்கிவிட்டது. கிருமியோடு போராட வேண்டிய வெள்ளணுக்கள், பெருந்தமனியின் சுவரையும் அதிலிருந்து பிரியும் கிளைகளின் சுவரையும் அந்நியமாகக் கருதித் தாக்குகின்றன. இதைத் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம். வீக்கம் நீண்ட நாள் இருந்தால் சுவர் தழும்பாகி இறுகிவிடும். சில இடங்களில் அதற்கு மாறாகச் சுவர் நலிந்து புடைத்துக்கொள்வதும் உண்டு. நாற்பது வயதுக்குள், அதிலும் பெண்களுக்கு, அதிகம் வருகிறது. நீங்கள் தின்றதாலோ செய்ததாலோ வந்ததல்ல. தொட்டால், கூட உண்டால், உறவு கொண்டால் பரவுவதும் அல்ல.

1908-இல் ஜப்பானின் கனசாவாவில் மிகிடோ டகாயாசு என்ற கண் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் மாலைபோல் வளைந்து பின்னிக்கிடந்ததைக் கண்டு, மருத்துவர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். இதே போன்ற கண்ணுடைய நோயாளிகளைத் தாங்களும் பார்த்திருப்பதாகவும், அவர்களுக்கு மணிக்கட்டில் நாடி இல்லை என்றும் ஓனிஷி, ககோஷிமா என்ற இருவர் சொன்னார்கள். கழுத்துக் குழாய்கள் சுருங்கி மேலே ரத்தம் குறைந்ததால்தான் கண்ணில் அப்படிப் புதுக் குழாய்கள் முளைத்தன. உங்களுக்கும் கழுத்துத் தமனி தடித்திருப்பதால் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஸ்டீராய்டு எடுத்தவருக்குக் கண்புரையும் கண் அழுத்தமும் எப்படியும் பார்க்க வேண்டியவை. ஒரே நாளில் முடிந்துவிடும்.

காசநோய் மாத்திரையை ஆறு மாதம் வீணாகச் சாப்பிட்டேனே என்று வருந்தியிருக்கிறீர்கள். காய்ச்சல், எடைக் குறைவு, மாண்டூ தடிப்பு மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் எந்த மருத்துவருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். மாண்டூ தடிப்பு என்பது கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். இப்போது நோய் இருக்கிறது என்று சொல்லாது. டகாயாசு நோயாளிகளில் பலருக்கு அந்தத் தடிப்பு வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நெடுங்காலமாக ஆராய்கிறார்கள், நிரூபணம் ஆகவில்லை. அந்த மாத்திரைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் வலுவான ஊசி மருந்துகள் தேவைப்பட்டால், காசநோய் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

இ.எஸ்.ஆர். 18 என்றால் நோய் போய்விட்டதா?

இல்லை. போய்விட்டது என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இந்த நோயில் எத்தனையோ பேரை ஏமாற்றிய எண் அது.

அமெரிக்காவில் 60 டகாயாசு நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோய் அடங்கிவிட்டது என்று கருதி அறுவை சிகிச்சை செய்தவர்களின் ரத்தக் குழாய்த் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது, 44 சதவீதத்தினருக்கு அங்கே வீக்கம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வெளியே எல்லாம் அமைதியாகத் தெரிந்த நேரத்தில்தான் இது. அதனால்தான் நாங்கள் இ.எஸ்.ஆர்., அதைப் போலவே வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. இரண்டையும் பார்த்தாலும் அவற்றோடு நிறுத்திக்கொள்வதில்லை. இந்திய மருத்துவர்கள் சேர்ந்து இதற்கென்றே ஐ.டி.ஏ.எஸ். 2010 என்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். 44 கேள்விகளில் 33 இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் பற்றியவை. எந்த நாடி புதிதாகக் குறைந்திருக்கிறது, கழுத்தில், வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் புதிதாக இரைச்சல் கேட்கிறதா, கழுத்துத் தமனியைத் தொட்டால் வலிக்கிறதா, இரண்டு கைகளுக்கும் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்று கையாலும் காதாலும் தேடுவது. கூடவே ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை ஸ்கேன். அதை முந்தைய ஸ்கேனோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

அந்த முந்தைய ஸ்கேனின் படங்கள் அடங்கிய குறுந்தகட்டைத் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களும் வேண்டும்.

நிறுத்திய மாத்திரைகள்

உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியில் தன் முகமே வேறு யாருடையதோ போல் தெரிவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த உப்பல் அளவோடு சேர்ந்து குறைவது. 40-இல் இருந்து 15-க்கு வந்துவிட்டீர்கள். கஷ்டமான பகுதியைத் தாண்டிவிட்டீர்கள். வழக்கமாக ஓராண்டுக்குள் பத்து மில்லி கிராமோ அதற்கும் கீழோ கொண்டுவரத்தான் பார்ப்போம். குறையக் குறைய முகம் பழைய வடிவுக்குத் திரும்பும்.

ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்துவதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கலாம். இன்னொன்று, மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததால், அதைச் சுரக்க வேண்டிய அட்ரினல் சுரப்பிகள் உறங்கிப்போயிருக்கும். அவை விழிக்கப் பல மாதங்கள்கூட ஆகலாம். இதற்கிடையில் கடும் காய்ச்சலோ விபத்தோ அறுவை சிகிச்சையோ வந்தால், உடலால் தாங்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். யாரிடம் சிகிச்சைக்குப் போனாலும், "ஐந்து மாதம் ஸ்டீராய்டு எடுத்தேன், திடீரென்று நிறுத்தினேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மிகுந்த சோர்வு, வாந்தி, தலைசுற்றல் இருந்தால் அன்றே போக வேண்டும். காலை வேளையில், உடலே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

அதற்காகப் பழைய சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு நீங்களே மீண்டும் தொடங்கிவிடாதீர்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை. மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும், ஊனப்படுத்தும். நீங்கள் படித்தது முழு உண்மை. அதைத் தொடங்கிய நாளிலேயே கருத்தடை பற்றி உங்களிடம் யாராவது விளக்கியிருக்க வேண்டும். மீண்டும் எப்போதாவது அந்த மாத்திரை வந்தால் வாரத்துக்கு ஒரே நாள் என்பதை மறக்காதீர்கள். தவறுதலாகத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து வருபவர்களை இன்றும் பார்க்கிறோம். கிழமையின் பெயரை அட்டையில் எழுதிவைக்கச் சொல்வது அதனால்தான்.

எதற்கு இரண்டாவது மருந்து என்று கேட்பீர்கள். ஸ்டீராய்டு தீயைச் சட்டென்று அணைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பினால் அளவைக் குறைக்கும்போது பலருக்கு நோய் திரும்பிவிடுகிறது. மெத்தோட்ரெக்சேட், அசதயோபிரின், மைக்கோஃபினோலேட் போன்றவை மெதுவாக வேலை செய்து ஸ்டீராய்டைக் குறைக்க இடம் கொடுக்கின்றன. அவற்றுக்கும் அடங்காவிட்டால் அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப், டோசிலிசுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. டோசிலிசுமாபுக்கு ஜப்பானில் 2017-இல் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. அடாலிமுமாபின் நிகர் மருந்துகள் இந்தியாவிலேயே தயாராவதால் விலை முன்பிருந்ததைவிட இறங்கியிருக்கிறது. உங்களுக்கு இப்போது ஊசி தேவை என்று நான் நினைக்கவில்லை. ஐந்து மாதமே எடுத்த மருந்தைப் பலனளிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வேலையை முடிக்க அதற்கு அவகாசமே கிடைக்கவில்லை.

ஸ்டீராய்டு எடுக்கும்வரை எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனையும் வேண்டும். நெய்யை அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும்தான் குறைய வேண்டியவை.

ஸ்டென்ட்

உங்கள் இடது கைக்கு ஸ்டென்ட் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. விரல்கள் சூடாக இருக்கின்றன, நிறம் மாறவில்லை, புண் இல்லை, ஓய்வில் வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிளைக் குழாய்கள் தம் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம். அவை மாதங்கள் போகப் போக இன்னும் விரியக்கூடும். வீக்கம் அடங்காத சுவரில் பலூனையோ ஸ்டென்ட்டையோ செலுத்தினால், அதே இடம் மீண்டும் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து இருந்தாலொழிய, நோயை மருந்தால் அடக்கி, பிறகுதான் குழாயில் கைவைப்பது என்பதே உலகெங்கும் பின்பற்றும் வழிகாட்டுதல். உறவினர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து எழுந்து நடந்தவர்களை அவர் பார்த்திருப்பார். அது வேறு நோய், வேறு சுவர்.

யோசிக்க வேண்டியது சிறுநீரகத் தமனியைப் பற்றித்தான். மூன்று நான்கு மாத்திரை கொடுத்தும் அழுத்தம் இறங்காவிட்டாலோ, சிறுநீரகம் சுருங்கத் தொடங்கினாலோ, அங்கே பலூன் சிகிச்சை உண்மையிலேயே உதவும். குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன் இதைப் பேசி முடிவு செய்வது இன்னும் நல்லது. செய்யும் நிலை வந்தால், டகாயாசு நோயாளிகளுக்கு இதைச் செய்து பழகிய இடத்தில், வாதநோய் (ருமட்டாலஜி) மருத்துவரும் இதய மருத்துவரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடத்தில் செய்துகொள்ளுங்கள்.

குழந்தை

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், மை கலங்கியிருந்த இடத்தில், "எனக்கு இனி அந்தப் பாக்கியமே இல்லையா டாக்டர்?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. இந்த நோய் கருத்தரிக்கும் திறனைப் பறிப்பதில்லை. டகாயாசு நோயுள்ள பெண்கள் நலமாகக் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். நோய் அடங்கிய காலத்தில், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும்போது கருவுற்றால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அழுத்தம் கட்டுமீறிய நிலையில் கருவுற்றால் வலிப்பு, மூளை ரத்தக்கசிவு, இதயச் செயலிழப்பு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு என்று இருவருக்குமே ஆபத்து. ஆகவே "இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்" என்பதுதான் என் பதில். அதை "முடியாது" என்று படித்துவிடாதீர்கள்.

நடைமுறையில், நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மீண்டும் எடுத்தால், கருத்தரிப்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, கர்ப்ப காலத்தில் எடுக்கக்கூடிய அசதயோபிரினுக்கு மாற வேண்டும். விரைவில் குழந்தை வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை மருத்துவரிடம் சொன்னால், நேராக அசதயோபிரினிலேயே தொடங்கலாமா என்று அவர் யோசிப்பார். இதைச் சொல்லாமல் நிறுத்தியதால்தான் உங்களுக்கு இரண்டு மாதம் வீணானது. குறைந்த அளவு ப்ரெட்னிசோலோனைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம். அழுத்தத்துக்கு லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வாரத்திலிருந்து சிறிய அளவு ஆஸ்பிரின் பெரும்பாலும் கொடுப்பார்கள். பிரசவ அறையில்கூட வலது கைதான், இதையும் அங்கே சொல்லிவையுங்கள்.

அதுவரை கருத்தடை வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். உங்களுக்கு அவை வேண்டாம். காப்பர் டி, ஆணுறை போன்றவை பற்றி மகளிர் மருத்துவரிடம் பேசுங்கள்.

குழந்தைக்கு வருமா என்ற கேள்விக்கு: எச்.எல்.ஏ. பி52 என்ற மரபுக்கூறு உள்ளவர்களுக்கு இந்த நோய் சற்றுக் கூடுதலாக வருகிறது. ஆனால் அந்த மரபுக்கூறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வருவது மிக அரிது.

மாமியாரிடம் என்ன சொல்வது?

யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. உங்கள் அனுமதி இல்லாமல் மருத்துவர் யாரிடமும் சொல்லக்கூடாது, குடும்பத்தாரிடம்கூட. ஆனால் மறைத்து மறைத்து மாத்திரை போடுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே இந்த ஐந்து மாதத்தில் தெரிந்திருக்கும். பயண நாளில் விட்டுப்போகும், விருந்தாளி வந்தால் விட்டுப்போகும். ஸ்டீராய்டை விடக்கூடாத ஒருவருக்கு இது பெரிய சிக்கல். நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. "ரத்தக் குழாயில் வீக்கம், மருந்து சாப்பிடுகிறாள், டாக்டர் ஒரு வருடம் கழித்துக் குழந்தை பெற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்" என்று உங்கள் கணவர் சொல்லட்டும். நீங்கள் அல்ல, அவர் சொல்வதுதான் சரி. பேரனோ பேத்தியோ வேண்டும் என்று காத்திருக்கும் ஒருவருக்குத் தேதியோடு கிடைக்கும் பதில், மௌனத்தைவிட ஆறுதலாக இருக்கும்.

சிகிச்சையைப் பழைய மருத்துவரிடமே தொடரலாம். நிறுத்தியதற்குத் திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். இன்னொரு கருத்தும் வேண்டுமென்றால், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவற்றில் இந்த நோய்களுக்கான தனித்துறைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், என்னென்ன அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கரும்பலகையின் மேல்பாதியை விட்டுவிடுங்கள். கை தோளுக்கு மேலே போகும்போதுதான் வலி வருகிறது. நெஞ்சு உயரத்தில் எழுதினால் உங்களால் நெடுநேரம் எழுத முடியும். மேலே எழுத வேண்டியதை ஒரு மாணவியை எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது தலை சுற்றினால் அதை மட்டும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்: மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் கை இழுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தப் பதிலை இன்று இரவே உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். நாளைக் காலை அவரும் கூட வரட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு, வலது கையை மேசைமேல் நீட்டி அளந்து, தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள்.